சர்க்கரை பின்வாங்குமா?

(சரவணம்பட்டியில் குடியிருப்போர் கூட்டமொன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சாப்பாட்டைக் குறைத்து எடையையும் குறைத்தால் சர்க்கரை நோய் போய்விடுமா என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நடுவில் எழுந்து போகிறவர்கள் வெறுங்கையோடு போக வேண்டாம், பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகைச் சர்க்கரை வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருக்கிறது, போதுமான அளவு எடையும் குறைகிறது என்றால், பலருக்கு அது பின்வாங்குகிறது. மாத்திரை இல்லாமலே சர்க்கரை அளவு சரியாக நிற்கிறது. குறைத்த எடை திரும்பி வந்தால் நோயும் திரும்பி வருகிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் "சில ஆண்டுகள்", "போதுமான அளவு", "பலருக்கு" என்று மூன்று நிபந்தனைகளைப் போட்டுவிட்டேன். மீதி நேரம் அவற்றுக்குத்தான்.

நாங்கள் மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் இந்த நோயை ஒருவழிப் பாதை என்றே சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு ஒரு மாத்திரை, ஐந்து வருடத்தில் மூன்று, பத்து வருடத்தில் இன்சுலின். நோயாளிக்கும் அதையே சொன்னோம்: "வந்துட்டா போகாதுங்க, கூடவே வெச்சுக் காலந்தள்ள வேண்டியதுதான்." சொன்னது முழுப் பொய்யும் அல்ல. எடை குறையாமல் அப்படியே இருப்பவர்களுக்கு நடப்பது அதுதான்.

ஆனால் வேறொரு செய்தி நூற்றைம்பது ஆண்டுகளாக அவ்வப்போது எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தது. 1870இல் பிரஷ்யப் படை பாரீஸ் நகரத்தை முற்றுகையிட்டது. நகரத்துக்குள் உணவு போகவில்லை, மக்கள் அரைப் பட்டினி. அங்கே அப்பொலினேர் பூஷார்தா என்றொரு மருத்துவர். அவருடைய சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்துபோனதை, சிலருக்கு அறவே நின்றுபோனதை அவர் கவனித்தார். இன்சுலின் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. முடிந்தவரை குறைவாகச் சாப்பிடுங்கள் என்பதுதான் அவர் தன் நோயாளிகளுக்குச் சொன்ன வைத்தியம். இன்சுலினும் மாத்திரைகளும் வந்த பிறகு அந்தப் பேச்சு பின்னுக்குப் போய்விட்டது.

அடுத்த செய்தி அறுவை அரங்கிலிருந்து வந்தது. 1995இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் போரிஸ், உடல் பருமனுக்காக இரைப்பையைச் சுருக்கி, குடலை மாற்றி இணைக்கும் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி எழுதினார். அவர்களில் சர்க்கரை இருந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அது சரியாகிவிட்டிருந்தது. அந்த அறுவை இன்று நம் கோவையிலேயே நடக்கிறது. லேப்ராஸ்கோப்பி சிகிச்சைக்குப் பேர்பெற்ற டாக்டர் பழனிவேலு தொடங்கிய ஜெம் மருத்துவமனை அதற்கு நன்கு அறியப்பட்ட இடம். சிகிச்சை முடிந்து எடை முழுதாக இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்குவதைப் பார்த்து எல்லாரும் வியந்தார்கள். குடலில் சுரக்கும் ஹார்மோன்கள்தான் காரணம் என்றார்கள் பலர்.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் என்ற பேராசிரியருக்கு வேறொரு சந்தேகம். அறுவை செய்துகொண்டவர் முதல் வாரம் ஒன்றும் சாப்பிட முடியாமல் கிடக்கிறார். சர்க்கரை இறங்கக் காரணம் கத்தியா, பட்டினியா? சோதித்துப் பார்த்தார். சர்க்கரை உள்ள பதினொரு பேருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்கு 600 கலோரி மட்டுமே கொடுத்தார். அறுவை ஏதும் இல்லை. ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியான அளவுக்கு வந்துவிட்டது. கல்லீரலில் இருந்த கொழுப்பு அந்த ஒரு வாரத்திலேயே சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. எட்டு வாரத்தில் கணையம் மறுபடி ஒழுங்காக இன்சுலின் சுரக்க ஆரம்பித்தது. 2011இல் இது வெளிவந்தபோது நம்பியவர்களைவிட உதட்டைப் பிதுக்கியவர்களே அதிகம். பதினொரு பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் டைரெக்ட் என்ற பெரிய ஆய்வு வந்தது. டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் சேர்ந்து ஸ்காட்லாந்திலும் நியூகாசிலை ஒட்டிய டைன்சைடிலும் 306 பேரைச் சேர்த்தார்கள். எல்லாருக்கும் சர்க்கரை கண்டுபிடித்து ஆறு ஆண்டுக்குள்தான் ஆகியிருந்தது. ஒருவரும் இன்சுலின் போடவில்லை. நடத்தியவர்கள் பெரிய ஆஸ்பத்திரி நிபுணர்கள் அல்ல, ஊர் கிளினிக்கில் இருக்கும் நர்சுகளும் உணவு ஆலோசகர்களும். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே நிறுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி தரும் சூப்பும் பால்கலவையும் மட்டும். பிறகு மெல்ல மெல்லச் சாதாரணச் சாப்பாடு.

2017 டிசம்பரில் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஓராண்டு முடிவில் எடை குறைப்புக் குழுவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். மற்றக் குழுவில் 4 சதவீதம். எனக்கு இதைவிட முக்கியமாகப்பட்டது, குறைந்த கிலோவுக்கு ஏற்றபடி பலன் மாறிய கணக்கு. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் பின்வாங்கியது. 10 முதல் 15 கிலோ குறைத்தவர்களில் 57. ஐந்து முதல் பத்துக் கிலோவுக்கு 34. ஐந்துக்கும் கீழே என்றால் 7. எடை ஏறியவர்களில் ஒருவர்கூட இல்லை. இத்தனை ஒழுங்கான படிக்கட்டை மருத்துவ ஆய்வுகளில் அடிக்கடி பார்க்க முடியாது.

உள்ளே என்னதான் நடக்கிறது? மிஞ்சிய சாப்பாட்டைக் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்ள உடம்பு முதலில் தோலுக்கு அடியில் இடம் தேடுகிறது. அங்கே வைத்தால் பெரிய கெடுதல் இல்லை. வீட்டுக் குதிர் நிறைந்த பிறகும் தானியம் வந்துகொண்டே இருந்தால் நடைவாசலிலும் படுக்கிற அறையிலும் கொட்ட வேண்டி வருமல்லவா, அதுபோலத் தோலடி இடம் தீர்ந்ததும் கொழுப்பு கல்லீரலுக்குள் போகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் ராத்திரியெல்லாம் சர்க்கரையை ரத்தத்துக்குள் விடுகிறது. சாயங்காலம் ஒன்றும் சாப்பிடாமல் படுத்தவருக்குக் காலையில் 180 காட்டுகிறதே, எப்படி என்று கேட்பீர்கள். இப்படித்தான். கல்லீரலிலிருந்து வழிகிற கொழுப்பு கணையத்துக்கும் போய்ச் சேர்ந்து இன்சுலின் சுரக்கும் செல்களை மந்தமாக்குகிறது. எடை குறையும்போது உடம்பு முதலில் எடுத்துச் செலவழிப்பது இந்த இடம் மாறிய கொழுப்பைத்தான். கணையத்திலிருந்து ஒரு கிராமுக்கும் குறைவான கொழுப்பு வெளியேறினாலே அது மறுபடி வேலை செய்வதை டெய்லர் குழு அளந்து காட்டியிருக்கிறது. ஆனால் அந்தச் செல்கள் நெடுங்காலம் மந்தமாகவே கிடந்தால் திரும்ப எழுவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டு சர்க்கரைக்கும் இரண்டு ஆண்டு சர்க்கரைக்கும் வித்தியாசம் அங்கேதான்.

"அதெல்லாம் வெள்ளைக்காரனுக்குங்க, அவன் நூறு கிலோ இருப்பான், பதினஞ்சு குறைப்பான். நான் இருக்கிறதே அறுபத்தெட்டு" என்று இங்கே பல பேர் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நல்ல கேள்விதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

புனேயில் டாக்டர் யாஜ்ஞிக் என்றொரு ஆராய்ச்சியாளர். அவரும் அவருடைய லண்டன் நண்பர் யுட்கினும் 2004இல் லான்செட்டில் தங்கள் இருவர் படத்தையே போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் உயரத்துக்கான எடைக் குறியீடு, அதாவது பிஎம்ஐ, ஒரே 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்ஞிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் ஆட்களின் குதிர் சின்னது, சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. அதனால்தான் நமக்கு பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. பேன்ட் அளவை வைத்து ஏமாறாதீர்கள், நாம் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறோம். தொப்புளை ஒட்டி டேப்பை வைத்துப் பாருங்கள்.

குதிர் சின்னது என்பதில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. நிரம்பி வழிவதை நிறுத்த நாம் குறைக்க வேண்டியதும் குறைவுதான். பருமன் இல்லாத, சாதாரண எடையுள்ள இருபது சர்க்கரை நோயாளிகளை வைத்து நியூகாசில் குழுவே ரீட்யூன் என்ற சிறு ஆய்வைச் செய்தது. இருபதில் பதினான்கு பேருக்கு நோய் பின்வாங்கியது. கத்தாரில் மத்தியக் கிழக்கு நாட்டவரை வைத்து நடந்த ஆய்வில், சர்க்கரை வந்து மூன்று ஆண்டுக்குள் இருந்தவர்களில் 61 சதவீதம் பேர் ஓராண்டில் விடுபட்டார்கள். கிளாஸ்கோவில் தெற்காசிய வம்சாவளியினரை வைத்துச் சிறிய அளவில் செய்த சோதனையிலும் இது நடக்கக்கூடியதுதான் என்று தெரிந்தது. 70 கிலோ இருப்பவர் ஏழு கிலோ குறைத்து, அதை ஏறவிடாமல் வைத்துக்கொள்வதை முதல் இலக்காகக் கொள்ளலாம். பத்துக் கிலோ முடிந்தால் இன்னும் நல்லது.

இப்போது நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு வருவோம். கம்பு, சோளம், ராகி, சாமை, இதுதானே கொங்குச் சீமையின் சாப்பாடு? நெல்லுச் சோறு நோம்பிக்கும் விருந்துக்கும்தான். அந்தக் காலத்தில் சர்க்கரை இல்லை, ஆகவே சிறுதானியத்துக்குத் திரும்பினால் சர்க்கரை போய்விடும் என்று இன்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையை எடுத்துப் பாருங்கள். நூறு கிராம் அரிசியில் 345 கலோரி, நூறு கிராம் கம்பில் 361. ராகியில் 328. மாவுச்சத்து கொஞ்சம் குறைவு, நார் அதிகம், சர்க்கரை ஏறும் வேகம் குறையலாம், எல்லாம் சரி. ஆனால் அரிசிச் சோற்றுக்குப் பதில் அதே அளவு கம்பஞ்சோறு சாப்பிட்டால் எடை குறையாது. எடை குறையாமல் நோய் பின்வாங்காது.

நம் தாத்தாக்களுக்குச் சர்க்கரை வராததற்குக் கம்பு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. விடியக் காலையில் மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்தவர்கள் அவர்கள். எழுபது, எண்பது அடிக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து ஓர் ஏக்கரை நனைப்பதற்குள் அன்றைய கம்பஞ்சோறு கரைந்துவிடும். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, மோட்டார் வந்தது, இந்தியாவுக்கே பம்பு செட்டுச் செய்து கொடுக்கும் ஊரானது நம் கோயமுத்தூர். நல்லதுதான், யாரும் கவலைக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் சுவிட்சைத் தட்டுகிற கைக்குக் கவலை இறைத்தவர் சாப்பிட்ட சோறு எதற்கு?   

அரிசி விஷயத்தில் நம் சென்னைக்காரர்களே நல்ல வேலை செய்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் மோகனின் ஆராய்ச்சி நிறுவனம் அளந்தபடி, பொன்னி அரிசிச் சோறு ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் குறியீடு 70க்குச் சற்று மேலே, அதாவது அதிகம் என்ற வகையில் வருகிறது. 21 நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வின் கணக்கை 2020இல் அவர்கள் வெளியிட்டபோது, வெள்ளைச் சோறு மிக அதிகமாகச் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு தெற்காசியாவில்தான் மிகக் கூடுதலாக இருந்தது. 2023இல் வந்த ஐசிஎம்ஆர்-இன்டியாப் (INDIAB) ஆய்வு இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை, 13 கோடியே 60 லட்சம் பேர் விளிம்பில் என்று மதிப்பிட்டது. அதே குழு 2022இல் இன்னொரு கணக்குப் போட்டது. நம்மவர்கள் சாப்பிடும் கலோரியில் அறுபது சதவீதத்துக்கும் மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் அதை 49 முதல் 54 சதவீதத்துக்கு இறக்கி, புரதத்தை 19, 20 சதவீதத்துக்கு ஏற்றினால் நோய் பின்வாங்க வாய்ப்பு உண்டு என்றது அந்தக் கணக்கு. இதை நான் விரும்பக் காரணம், இது சோற்றையே விரட்டச் சொல்லவில்லை.

நம் அடுப்படியில் இது எப்படி இருக்கும்? சோறு ஒரு கை அளவு, அதற்கு இரண்டு மடங்கு பொரியல், கீரை. பச்சைப்பயறு கடைசலையோ தட்டைப்பயறையோ கொள்ளுப்பருப்பையோ சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளாமல் முக்கியச் சாப்பாடாக வையுங்கள். முட்டை, கோழி, மீன் சாப்பிடுகிறவர்கள் தாராளமாக. சைவர்களுக்குப் பயறும் தயிரும் பனீரும். அரிசிம்பருப்புச் சாதத்தில் அரிசியும் பருப்பும் மூன்றுக்கு ஒன்று என்று இருப்பதைச் சரிபாதியாக்கிப் பாருங்கள், ருசி ஒன்றும் கெடவில்லை. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்கிறார்களே, கரைக்காது. கொள்ளிலும் நூறு கிராமுக்கு 320 கலோரி இருக்கிறது. ஆனால் அதில் புரதம் 22 கிராம், நாரும் உண்டு, வயிறு நிறைந்தது நிறைந்தபடி நிற்கும். அதுதான் உபகாரம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைப் பற்றியும் கேட்பீர்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு, மணமானது, எனக்கும் பிடிக்கும். வெல்லத்துக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் கலோரியில் வித்தியாசம் மிகச் சொற்பம். டீயில் எதைப் போட்டாலும் கணையத்துக்கு ஒன்றுதான்.

தெருமுனைக்கு ஒரு பேக்கரி இருக்கிற ஊர் இது. சாயங்கால டீ, ஒரு பப்ஸ், ஒரு தேங்காய் பன். காலையில் ரேஸ்கோர்ஸில் ஒரு மணி நேரம் நடந்த கலோரி அதிலேயே திரும்பி வந்துவிடும். நடையைக் குறை சொல்லவில்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் சர்க்கரை விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டில் சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களில் 39 சதவீதம்தான். எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன். வராமல் தடுக்க நடை உதவும், குறைத்த எடையைக் காப்பாற்றவும் நடை உதவும். வந்ததைத் திருப்பி அனுப்ப நடை மட்டும் போதாது, தட்டில்தான் கை வைக்க வேண்டும்.

கீரணத்தத்திலும் இங்கேயும் ஐடி கம்பெனிகளில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற பிள்ளைகள் நிறைய வந்திருக்கிறீர்கள். உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பது வயதில் சர்க்கரை வந்தால், அதைச் சுமக்க வேண்டிய ஆண்டுகள் அதிகம். பின்வாங்கச் செய்கிற வாய்ப்பும் அந்த முதல் ஆண்டுகளில்தான் அதிகம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆர்டர் போடுகிற பிரியாணியை விட்டுவிட்டு, ஷிப்டுக்குப் போகும் முன் முழுச் சாப்பாடு, நடுவில் சுண்டலோ முட்டையோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி வருடாந்திரப் பரிசோதனையில் "பார்டர்லைன்" என்று வந்த காகிதத்தை மெயிலில் அப்படியே தூங்க விடாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று. மீந்துபோன சோறு வீணாகிறதே என்று கடைசியில் நீங்கள் போட்டுக்கொள்கிறீர்கள். பாத்திரத்தில் மீந்தது குப்பைக்குப் போனால் பத்து ரூபாய்தான் நஷ்டம், உங்கள் வயிற்றுக்குப் போனால் எடை ஏறும். அளவாக ஆக்குவது இன்னும் நல்லது.

எடை குறைப்பதில் சாப்பாட்டைவிடப் பெரிய தடை ஒன்றை நான் தினமும் பார்க்கிறேன். ஆறு மாதம் பாடுபட்டு எட்டுக் கிலோ குறைத்துவிட்டு ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போகிறார். பங்காளி கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: "ஏனுங்க இப்படி இளச்சுப் போயிட்டீங்க? ஒடம்புக்கு முடியலீங்களா? சக்கரை கிக்கரை வந்துருச்சுங்களா?" சர்க்கரையை அனுப்ப இளைத்தவரிடம் சர்க்கரை வந்துவிட்டதா என்று விசாரிக்கிறோம். பந்தியில் உட்காரவைத்து, வேண்டாம் என்றாலும் இன்னொரு ஒப்புட்டு வைக்கிறோம். இளைப்பை நோய் என்றும் தொப்பையைச் செழிப்பு என்றும் பார்க்கிற பழக்கம் பஞ்ச காலத்தில் வந்தது. இனி யாராவது இளைத்து வந்தால், "நல்லா இருக்கீங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அது அவருக்கு ஒரு மாத மாத்திரைக்குச் சமம்.

தமிழர்களிடையே இந்தப் பேச்சைப் பரவலாக்கியவர்கள் மருத்துவர்கள் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் நியாண்டர் செல்வன் என்ற பெயரில் எழுதுபவரும் அவருடன் சேர்ந்தவர்களும் பேலியோ உணவைத் தமிழில் எழுத ஆரம்பித்தார்கள். சோறு, இட்லி, சர்க்கரையை அடியோடு விட்டு, இறைச்சி, முட்டை, பாதாம், வெண்ணெய், காய்கறி. லட்சக்கணக்கானோர் படித்தார்கள். பலர் எடை குறைந்து மாத்திரையையும் குறைத்தார்கள். மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் சர்க்கரை வேகமாக இறங்கும் என்பதில் சந்தேகமில்லை. என் கணிப்பில், பலன் தந்தது பாதாம் அல்ல, இறங்கிய எடை. ஒருவருக்குப் பேலியோ ஒத்துவந்து வருடக் கணக்கில் தொடர முடியுமென்றால், கொலஸ்டிராலையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொண்டு தொடரட்டும். தீபாவளிக்கு விட்டுவிட்டுப் பொங்கல் வரை திரும்பாதவருக்கு, அளவான சோறுள்ள தட்டுதான் நீடிக்கும். எந்த உணவு முறை சிறந்தது என்ற சண்டையில் எனக்கு ஆர்வமே இல்லை. ஐந்தாம் ஆண்டில் உங்கள் எடை என்ன என்பதில்தான் ஆர்வம்.

அந்த ஐந்தாம் ஆண்டுக் கதை அவ்வளவு இனிப்பானது அல்ல. டைரெக்ட் ஆய்வில் ஓராண்டில் 46 சதவீதமாக இருந்தது இரண்டாம் ஆண்டில் 36 ஆனது. தொடர்ந்து ஆலோசனை பெற்றுக்கொண்டிருந்த குழுவில் ஐந்தாம் ஆண்டில் 13 சதவீதம்தான் மருந்தில்லாமல் இருந்தார்கள். சராசரியாக ஆறு கிலோ மட்டுமே குறைந்த நிலையில் நின்றது. இங்கிலாந்து அரசு மருத்துவத் துறை இதையே நாடு முழுவதும் திட்டமாக நடத்தியபோது ஓராண்டில் விடுபட்டவர்கள் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். இதைச் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்வது என் நோக்கமல்ல. இரண்டு, மூன்று ஆண்டு மருந்தில்லாமல் சரியான சர்க்கரையோடு இருந்தாலும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அது லாபம்தான். ஆனால் "21 நாளில் சர்க்கரைக்கு விடுதலை" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இந்த 13 சதவீதத்தைப் போஸ்டரில் போடுவதில்லை. 2021இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஓர் அளவுகோல் வைத்தார்கள். மருந்து நிறுத்தி மூன்று மாதம் கழித்தும் மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 6.5க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த அளவுகோலை வைத்து எந்த விளம்பரத்தையும் நீங்களே சோதிக்கலாம்.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தது. வேலை செய்கிறது, பொய்யில்லை. நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு எடை திரும்பி ஏறுகிறது. வசதியும் மருத்துவர் மேற்பார்வையும் இருப்பவர்களுக்கு அது ஒரு வழி. பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொள்கிறார் என்பதற்காகப் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஒருநாள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம், வண்டி ஓட்டும்போதும் விழலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளோடு மாவுச்சத்தை அடியோடு விட்டால், சர்க்கரை அதிகமில்லாத போதே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், சர்க்கரை வேகமாக இறங்கும்போது பார்வை மோசமாகலாம். முதல் வகைச் சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலினை ஒருநாளும் நிறுத்தக்கூடாது, இந்த உரையில் ஒரு வரிகூட அவர்களுக்கானது அல்ல. கணையத்தில் கல் விழுந்து வருகிற ஒருவகைச் சர்க்கரை கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உண்டு, ஒல்லியாக இருப்பார்கள், மேலும் இளைக்கக்கூடாது. கர்ப்பிணிகளும் சிறுநீரகம் பழுதானவர்களும் அப்படியே. தானாக எடை குறைந்துகொண்டே போகிறவர் மகிழ வேண்டாம், மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்று. சர்க்கரை கண்டுபிடித்து ஐந்து, ஆறு ஆண்டுக்குள் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, "எடையைக் குறைத்து மருந்தைக் குறைக்க முயலலாமா? எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி, வாரம் ஒருமுறை எடை. பத்து, இருபது ஆண்டு ஆனவர்களும் கேளுங்கள். உங்களுக்கு மருந்து முழுதாக நிற்காமல் போகலாம், ஆனால் குறைய வாய்ப்பு உண்டு. நோய் பின்வாங்கியவர்கள் வெற்றி பெற்றோம் என்று பரிசோதனையை நிறுத்திவிட வேண்டாம். எச்பிஏ1சி, கால், சிறுநீர், ஆண்டுக்கொரு முறையாவது பாருங்கள். கண்ணுக்குச் சத்தி ரோட்டில் சிவானந்தபுரத்தில் சங்கரா கண் மருத்துவமனை இருக்கிறது, பார்வை நன்றாகத் தெரிகிறபோதே போய் விழித்திரையைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.